அரைத்தபின் வந்த மணம்

மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருங்கியிருந்தது. வடக்கே மலைக் கோயில்களுக்குப் போய்வந்த எதிர்வீட்டு நெசவாளர் ஒரு பையைக் கொண்டுவந்து நீட்டினார்.

"மலை பாதாமாம் சார். லேசா கசக்கும். சாமி முன்னாடி வச்சு எடுத்தாந்தேன். பாப்பா படிச்சிக்கினு இருக்குதே, அரைச்சுக் குடுங்க."

பருப்புகள் சிறியவை. முகர்ந்தேன், வாசனையே இல்லை. ஒன்றைக் கடித்தேன், நாக்கு சுருண்டது. கடையில் வாங்கியிருந்தால் அப்போதே குப்பைக்குப் போயிருக்கும். சாமி முன் வைத்ததைக் கசக்கிறது என்று எங்கள் வீட்டில் சொல்வதில்லை, எறிவதும் இல்லை.

ஊறவைத்து, மறுநாள் காலை ஒரு கைப்பிடியை மிக்சியில் அரைத்தேன். மூடியைத் திறந்ததும் கல்யாணச் சமையல்கட்டு மாதிரி வீடே மணத்தது. சத்தே மணமாக எழுந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். கொதிக்கவைத்தால் மணம் போய்விடும் என்று ஆறிய பாலில் கலந்து, சர்க்கரையைக் கூட்டிப் போட்டேன்.

"இன்னாப்பா இது, சென்ட் பாட்டிலைக் கவுத்துட்டியா?"

"மூக்கைப் புடிச்சிக்கினு குடிமா. மார்க்கு தானா வரும்."

"அப்ப நீயே குடிச்சிட்டுப் போய் எழுது."

சொல்லிக்கொண்டே முழு டம்ளரையும் குடித்துவிட்டாள்.

கால் மணி நேரத்தில் தலை சுற்றுகிறது என்றாள். வாந்தி எடுத்தாள். பிறகு மூச்சுக்குத் திணறினாள். எதிர்வீட்டுக்காரர்தான் ஆட்டோ பிடித்தார். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். பாதி வழியில் பதில் நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். என்ன குடித்தாள் என்று கேட்ட டாக்டரம்மா, பையைக் கொண்டுவரச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் ஓடிப்போய் எடுத்துவந்தார். டாக்டரம்மா ஒரு பருப்பை நசுக்கி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். சற்று நேரத்தில் அதே மணம்.

"முழுசா இருக்கும்போது இதுல வாசனையும் இல்ல, விஷமும் இல்ல. ஒரு பொருளும் அதை உடைக்கிற என்சைமும் தனித்தனியா இருக்கும். தண்ணி விட்டு அரைச்சா ரெண்டும் சேர்ந்துடும். அப்ப இந்த மணம் வரும், கூடவே சயனைடும் வரும்."

எதிர்வீட்டுக்காரர் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மணம் வரவர, இன்னும் நைசாக இருக்கட்டும் என்று மறுபடியும் மிக்சியை ஓடவிட்டது அந்தக் கைதான்.

மதியத்துக்குமேல் கண் திறந்தாள். பிழைத்துக்கொண்டாள் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் கட்டிலருகே போய்க் கேட்டேன்.

"அவ்ளோ கசந்துச்சே, ஏம்மா துப்பல?"

ஆக்சிஜன் முகமூடியைச் சற்று விலக்கினாள்.

"நீ ஆசையா நின்னுக்கினு பார்த்தியேப்பா."

அதன்பிறகு ஒரு மாதம், அவள் தட்டில் எதை வைத்தாலும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.