இடது கை

காலை ஐந்து ஐம்பது. வேடசந்தூரில் வந்து நின்ற நூல் மில் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது. அது என் பள்ளித் தோழி பாண்டீஸ்வரியின் இடம். வெளிநாட்டில் மனித உரிமையும் புலம்பெயர்வும் படிக்கும் நான் விடுமுறையில் வந்திருந்தேன். அவளைப் பார்க்கத்தான் அங்கே நின்றேன்.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“வாங்க மேடம். உங்க ரிப்போர்ட்டை மேனேஜர் வாசிச்சுக் காட்டுனாரு. அன்னைக்கே என்னைய நிப்பாட்டிட்டாரு.”

மில்லில் ஓய்வில்லாமல் இரண்டு ஷிப்ட் வேலை வாங்குவதை அவள்தான் எனக்குப் போனில் சொன்னாள். படிப்பின் பகுதியாகப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த தொழிலாளர் உரிமை அலுவலகத்தில் அதை அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன். வெளியே யாருக்கும் போகாது என்று என் மேலதிகாரி வாக்குக் கொடுத்திருந்தார்.

“பேரை மாத்தித்தானேடி எழுதுனேன்?”

“பேரை மாத்துன. அறுந்த நூலைப் பீச்சாங்கையால ஒட்டுற பொண்ணுன்னு எழுதிருக்கியே! அம்புட்டுப் பெரிய மில்லுல அது நான் ஒருத்திதானே? உன்னைய நம்பித்தானடி சொன்னேன்.”

மதியம் மேலதிகாரியை அழைத்தேன். மில்லிடம் விளக்கம் கேட்டு அறிக்கையை அனுப்பியதாக அமைதியாகச் சொன்னார். வாக்கை நினைவூட்டினேன்.

“பெயரைத்தான் மாற்றியிருக்கிறோமே” என்றார்.

காலையில் நான் சொன்னதும் அதேதான்.

அவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்றுதான் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால், படிப்பவர் கண்ணில் அவள் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு அந்த வரியை எழுதியது நான்.

பாண்டீஸ்வரி இப்போது திருப்பூர்ப் பக்கம் ஒரு மில் விடுதியில் இருக்கிறாள். அங்கே வலது கையால் நூல் ஒட்டுகிறாள்.