கமலாத்தாளின் கழுத்து நெறி

கமலாத்தாள் என் தாய்மாமன் மகன் மாரப்பனின் மனைவி. எனக்குத் தங்கை முறை. நல்லேப்பிள்ளியில் பிறந்து எருத்தேன்பதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். காட்டு வேலையில் காலில் முள் குத்தி, தொடையிடுக்கில் நெறி கட்டி வீங்காத வருசமே அவளுக்கு இல்லை. புண்ணைத் தேடி மருந்து வைப்பாள். புண் ஆறினால் நெறியும் வற்றிவிடும்.

மாரப்பன் பக்கவாதத்தில் படுத்த பிறகு, அவனைப் புரட்டிப் போடுவதும் கழுவி விடுவதுமே அவள் பிழைப்பாகிப் போனது. நாலு வருசமாக ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கவில்லை. அப்படி இருக்கையில் கழுத்தில் நெறி கட்டியது. தலைமுடியை விலக்கிப் புண்ணைத் தேடினாள். என்னைக் காதுக்குள் பார்க்கச் சொன்னாள். ஒன்றுமில்லை. சரி, பல்தான் காரணமென்று ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். பல்தான் போனது.

"நோவுதா அம்மிணி?"

"துளிகூட நோவலீங்கண்ணா. நோவாததுக்கு எதுக்குங்க ஆஸ்பத்திரி?"

பிறகு சாயங்காலக் காய்ச்சல் வந்தது. ஆளும் வற்றிப் போனாள். நான்தான் பக்கத்திலிருக்கும் சித்தூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார். "வலிச்சு வீங்குற நெறி பெரும்பாலும் தானா வத்திரும். வலிக்காம, வத்தாம மாசக்கணக்கா நிக்குறதைத்தான் சோதிச்சுப் பார்க்கணும்" என்றார். நெறியில் ஊசி குத்தி, சோதனைக்கு உறிஞ்சி எடுத்தார்கள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள்.

சேதி கேட்டு, கோயம்புத்தூரில் இருக்கும் மகன் கோபிநாத் போனில் சொன்னான்: "ஒட்டற நோவா இருந்தா அப்பன நான் கூட்டீட்டு வந்தர்றனம்மா."

முடிவு வந்தது. டிபி. கழுத்து நெறியில் மட்டும்தான். நெஞ்சில் இல்லை, அதனால் யாருக்கும் ஒட்டாது. ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும்.

"தப்பிச்சே அம்மிணி!" என்றேன்.

அவள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "ஒட்டும்னு சொல்லுவாங்கன்னு இருந்தனுங்கண்ணா. ஆறு மாசமாவது படுத்துத் தூங்கலாம்னு."

என் போனை வாங்கி, அவளே மகனை அழைத்தாள்.

"கோபி, ஒட்டாதாமா சாமி."

"அப்பாடா! அப்ப அப்பன் அங்கயே..."

"இல்லடா. ஒட்டாட்டியும் நீ வந்து கூட்டீட்டுப் போ. என்னால ஏலல."



"எப்ப வரட்டும்மா?"

"இன்னிக்கே வா."