பதினொரு மணித்தியாலத் தூரம்

லண்டனில் தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்வார்கள். நான் இருக்கும் மோர்டனிலிருந்து நகரத்துக்கு எவ்வளவு தூரம் என்றால் நாற்பது நிமிடம் என்பார்கள். மைலைக் ‘கட்டை’ என்று சொல்லி வளர்ந்த எனக்கு இது பழகச் சில காலம் பிடித்தது. பக்கத்து வீட்டு டெரிக் ஒருநாள் என் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டபோது, நானும் இந்த நாட்டுக்காரனைப் போலவே, கொழும்புக்கு விமானத்தில் பதினொரு மணித்தியாலம் என்றேன். நீ வர எவ்வளவு நேரமானது என்றார். ஒரு வருடத்துக்கு மேல் என்றேன். மொஸ்கோவில் ஜன்னல் திறக்காத அறை, எல்லைக் காட்டுப் பனி, லொறிக்குள் மூச்சடக்கிக் கிடந்தது எல்லாவற்றையும் சொல்ல அப்போது என்னிடம் ஆங்கிலம் இல்லை. டெரிக் அனுதாபத்தோடு தலையாட்டி, “மோசமான விமானக் கம்பனி போல” என்றார்.

அந்தப் பதினொரு மணித்தியாலத்தைக் கடக்க என் அக்காவுக்கு முப்பது வருடம் ஆனது. யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். ஷெல் விழுந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. பொய்க்காலைப் பூட்டிக்கொண்டு சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வந்தார். என் கலியாணத்துக்கு விசா மறுத்தார்கள். மகள் துளசி பிறந்தபோதும் மறுத்தார்கள். இந்த வருடம் துளசியின் கலியாணத்துக்குக் கொடுத்தார்கள். தனியாக வர ஏலாது என்றது சொந்தபந்தம் முழுவதும். எனக்கும் பயம்தான். அவரிடம் சொல்லாமலே விமான நிலையத்தில் அவருக்குச் சக்கர நாற்காலிக்குப் பதிந்து வைத்தேன்.

ஹீத்ரோவில் கொழும்பு விமானத்துக் கூட்டம் வந்து ஓய்ந்துவிட்டது. அக்காவைக் காணவில்லை. அவர் போனும் வேலை செய்யவில்லை. உள்ளே ஓர் அறையில் உட்காரவைத்து விசாரிக்கிறார்களோ என்று நினைத்தேன். அப்படியோர் அறையில் இருந்தவன் நான். துளசி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. விமான நிலைய ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிவந்தார். அதில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி. பக்கத்தில், சேலைக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்து தெரிய, தோளில் பையோடு அக்கா நடந்து வந்தார். ஊழியர் கையிலிருந்த கருவியைப் பார்த்து அக்காவின் பெயரை வாசித்து, மூதாட்டியை என்னிடம் ஒப்படைக்கப் பார்த்தார். நடந்து வருபவர்தான் என் அக்கா என்றேன். அவர் அக்காவின் கால்களை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்தார்.

“என்னக்கா இது?”

“நாரிப் பிடிப்பெண்டு மனுசி இடுப்பையும் சுவரையும் பிடிச்சுக்கொண்டு நிண்டது. இந்தக் கதிரை சும்மா வந்தது. ஏறுங்கோ எண்டன்.”

“எந்தப் பாசையில?”

“தமிழிலதான். அவவுக்கு விளங்கினது.” பிறகு என்னைப் பார்த்தார். “அதுசரி, ஆரடா எனக்குக் கதிரை சொன்னது?”

நான் அவர் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன். துளசி சிரித்துக்கொண்டே “மாமி” என்று அக்காவைக் கட்டிக்கொண்டாள். மூதாட்டியின் மகன் வந்த பிறகும் அந்த மனுசி அக்காவின் கையை விடவில்லை. நான் ஒளித்து நுழைந்த நாட்டுக்குள் அக்கா முன்வாசலால், நிமிர்ந்து, போதாததற்கு ஓர் உள்ளூர்க்காரியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கார் நிற்குமிடம் வரை அவர் நடையை எட்டிப்பிடிக்க நான்தான் ஓட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை அக்கா வீட்டுப் பின்வளவில் நின்று, “தம்பி, ஊர் எந்தப் பக்கம்?” என்றார். யோசிக்காமல் ஹீத்ரோப் பக்கம் கையை நீட்டினேன்.

“டேய், அது மேற்கெல்லே.”

உண்மைதான். கிழக்கே இருக்கும் ஊருக்குப் போக, ஒவ்வொரு முறையும் முதலில் மேற்கே போகிறேன். என் கைக்கு அந்த வழிதான் தெரியும். அக்கா சூரியனைப் பார்த்துத் திரும்பிக் கும்பிட்டார். நீட்டிய கையை இறக்காமல் நானும் கிழக்கே திரும்பி நின்றேன்.