கல்லறையில் கலைந்த ஊர்ப்பெயர்

என் மனைவி சுபோதினி எதையும் பின்னாலிருந்துதான் பார்ப்பாள். நான் வைத்த குழம்பில் ஒரு வாய் சுவைத்துவிட்டு, எதை முதலில் போட்டேன், எதை மறந்தேன் என்று சொல்லிவிடுவாள். பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆராய்ச்சியும் அதுதான்: விளைவைக் கையில் வைத்துக்கொண்டு காரணத்தைத் தேடும் கணிதம். தலைகீழ்க் கணக்கு என்று நான் அதற்குப் பட்டம் வைத்திருந்தேன்.

இலங்கைக்கு வந்த சீனர்களின் வாழ்க்கையை ஆராயும் றஷ்மி, வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து அவளைக் கொட்டாஞ்சேனைக்கு அழைத்துப் போனாள். அங்கே மேபல் அன்ரி, எழுபத்தெட்டு வயது. சீனத்திலிருந்து வந்து பல் கட்டும் கடை வைத்திருந்தவரின் மகள். அன்ரிக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அவருடைய ஊர் எதுவென்று தமிழ் அம்மாவுக்கும் தெரியாது. சீமெந்துக் கல்லறையில் ஊர்ப்பெயராகக் கறுப்பு மையால் எழுதிய இரண்டு சீன எழுத்துகள்தான் மிச்சம். சீனம் படித்த றஷ்மிக்கே முதல் எழுத்து பிடிபடவில்லை.

"நான் கண்ண மூடுறதுக்குள்ள அப்பா எந்த ஊருன்னு தெரிஞ்சாப் போதும் மகள்," என்றார் அன்ரி.

மழையில் எழுத்து கரைந்திருக்கும் என்று வைத்து, கல்லறையின் படங்களைக் கணினியில் ஏற்றி எட்டு மாதம் மல்லுக்கட்டினாள் சுபோதினி. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எழுத்து வந்தது. வீட்டில் அவளோடு கதைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

நவம்பரில் இறந்தோர் திருநாள் வந்தது. அன்ரியின் அப்பாவைப் புதைத்த சேமக்காலைக்கு நாங்களும் போனோம். எல்லோரையும் போல மேபல் அன்ரியும், எழுத்துகளை மட்டும் விட்டு, கல்லறைக்கு வெள்ளையடித்தார். பிறகு தூரிகையை எடுத்து, எழுத்துகளின் மேல் கறுப்புப் பூசத் தொடங்கினார். சீனம் ஒரு கோடும் தெரியாது. போன வருடம் பூசியதைப் பார்த்து இந்த வருடம். எழுத்து மங்கத் தொடங்கியதிலிருந்து, அறுபது வருடமாக இப்படித்தானாம். சுபோதினி தலையில் கை வைத்தாள்.

"அன்ரி, எழுத்து மாறினது மழையால இல்ல. உங்கட கையால."

"ஐயோ ஆண்டவரே! அப்பாட ஊர நானேவா அழிச்சேன்?" அன்ரி பக்கத்துக் கல்லறையில் உட்கார்ந்து அழுதார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த வயதில் அந்த மனுசியிடம் இதைச் சொல்லத்தான் வேணுமா? சுபோதினியோ அன்ரியின் காலடியில் குந்தினாள்.

"அழாதேங்கோ. மழை எண்டா எனக்குக் கணக்குப் பிடிபடாது. உங்கட கை ஒரே பிழையைத்தான் திருப்பித் திருப்பி விடும். அதைக் கண்டுபிடிச்சா, வந்த வழியே திரும்பிப் போகலாம்."

அதன்பிறகு மூன்று மாதம், சனிக்கிழமைகளில் எங்கள் சாப்பாட்டு மேசை அன்ரியுடையது. றஷ்மி தெளிவான சீன எழுத்துகளைக் கொடுப்பாள். அன்ரி அதைப் பார்த்து வரைவார், பிறகு தான் வரைந்ததையே பார்த்து வரைவார், அறுபது தரம். நான் தேத்தண்ணி ஊற்றினேன். நேர்க்கோடுகள் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தன. சின்னக் கோடுகள் பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொண்டன. அந்தப் பிழைகளை ஒவ்வொரு வருடமாகக் கழித்துக்கொண்டு பின்னே போனாள் சுபோதினி.

கடைசியில் இரண்டு விடை வந்தது. லியூஹே, இல்லையென்றால் யாங்ஹே. பழைய பட்டியல்களில் இரண்டு ஊருமே இருப்பதாக றஷ்மி சொன்னாள். அதற்கு மேல் கணக்கு நகரவில்லை.

"ஒண்டைச் சொல்லிவிடுமன். ஆர் போய்ப் பாக்கப் போயினம்?" என்றேன்.

"அவ அந்த ஊரை நினைச்சுச் செபிப்பா. அது எந்த ஊரெண்டு நான் முடிவெடுக்கேலாது," என்றாள்.

கொட்டாஞ்சேனைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். மேபல் அன்ரி இரண்டு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, கைப்பையை எடுத்தார்.

"எங்க போறீங்கள் அன்ரி?" சுபோதினி பதறினாள்.

"பங்குச் சுவாமிட்ட, அப்பாட பேர்ல பூசைக்கு எழுதிக் குடுக்க. ரெண்டு ஊரு பேரும் சொல்லி ஒப்புக்குடுக்கணும். ஒரு ஊருமே இல்லாம கெடந்த மனுசனுக்கு ரெண்டு ஊரு கெடைச்சிருக்கு மகள்!"