நாலு பேரையும் விடுவித்த பிறகு

அப்பா முதன்முதலாக நீதிமன்றப் படி ஏறியது என்னால்தான். அப்போது நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து சண்டையால் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். ஏ.எல். பரீட்சையில் மருத்துவத்துக்கு எனக்குக் கொஞ்சப் புள்ளிகள் குறைந்துபோயின. அந்த நேரம் பார்த்து ஒரு தனியார் கல்லூரியின் விளம்பரம் பேப்பரில் வந்தது. வெளிநாட்டு மருத்துவப் பட்டப்படிப்பு, தாதியர் பயிற்சி, எல்லாம் உண்டு என்றார்கள். கல்லூரியை நடத்திய நிதியத்துக்குப் பொறுப்பாளர்கள் நாலு பேர். கோயில் விழாக்களில் முன்வரிசைக் கதிரையில் இருக்கிற மனிதர்கள். படிவத்தை ஆசையோடு நிரப்பியது நான். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்ததைக் கட்டட நிதிக்கு நன்கொடையாகக் கொடுத்தது அப்பா.

வகுப்பு தொடங்கவேயில்லை. கல்லூரி என்று எங்களுக்குக் காட்டிய மாடிக்கு மூன்று மாதம் கழித்துப் போனபோது, அங்கே திரைச்சீலை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அப்பா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படம் வரைபவராக இருந்தவர். மீன்காரனிடம்கூட விலை பேசத் தெரியாது. அப்படிப்பட்டவர் பொலிசுக்குப் போனார். அங்கே வாங்குப் பலகையில் காத்திருந்தபோதுதான் கொட்டாஞ்சேனை அக்காவைச் சந்தித்தோம். பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் குடியிருந்து, மட்டக்குளியில் ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தார். கணவர் இல்லை. மகளின் தாதியர் பயிற்சிக்காக, கழுத்தில் காதில் இருந்ததையெல்லாம் விற்று நன்கொடை கொடுத்திருந்தார்.

வழக்கு புதுக்கடை நீதவான் நீதிமன்றத்துக்கு வந்தது. பொறுப்பாளர்கள் நாலு பேரும், பற்றுச்சீட்டு எழுதிய கல்லூரிப் பதிவாளரும் குற்றம் சாட்டப்பட்ட எதிரிகள். அங்கே எல்லாம் சிங்களத்தில் நடந்தது. அப்பாவுக்குத் தமிழும் ஆங்கிலமும்தான். தொழிற்சாலையில் சிங்களம் பழகியிருந்த அக்கா பக்கத்தில் இருந்து, காதோடு காதாக மொழிபெயர்ப்பார். ஒருநாள் நீதவான் நெடுநேரம் வாசித்தார். அக்கா பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார்.

"என்ன சொல்லுறார், பிள்ளை?" என்று அப்பா கேட்டார்.

"நாலு பேரையும் விட்டுட்டாங்க ஐயா. பதிவாளர் மேல மட்டும்தான் கேஸாம். நாம விரும்பிக் குடுத்த நன்கொடைன்னு சொல்றாங்க. பற்றுச்சீட்டுல அவங்க கையெழுத்து இல்லையாம்."

நான் வெளியே வந்து மதிலோரம் நின்று அழுதேன். அந்தப் படிவத்தை நிரப்பாமல் விட்டிருந்தால் என்ற நினைப்புத்தான். அப்பா என்னை ஒருநாளும் அதற்காக ஏசியதில்லை. அன்றைக்கும் என் கொப்பிப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "பசிக்குதோ?" என்று மட்டும் கேட்டார்.

மேல் நீதிமன்றத்துக்கு மீளாய்வு மனுப் போடலாம் என்று சட்டத்தரணி சொன்னார். ஆனால் பொறுப்பாளர்களைத் தொடர்புபடுத்த ஏதாவது காட்ட வேண்டும். வேறு பெற்றோர்கள் களைத்துப்போய் விலகிவிட்டார்கள். அப்பாவும் அக்காவும்தான் மிஞ்சினார்கள்.

அடுத்த ஞாயிறு அக்கா தன்னிடம் இருந்த கடிதங்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தோட்டப்பக்கத்து ஆட்கள் என்றால் அம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரு இளக்காரம் இருந்தது. எங்களுக்குக் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தவர், அக்காவுக்கு மட்டும் குசினி யன்னலில் கிடந்த தகரப் பேணியில் கொடுத்தார். அக்கா கையை நீட்டினார். அப்பா அதற்குள் பேணியைத் தான் வாங்கிக்கொண்டு, தன்னுடைய கோப்பையை அக்காவின் முன்னால் நகர்த்தி வைத்தார். பிறகு எதுவும் நடக்காத மாதிரி கடிதங்களைப் பிரித்தார். அம்மா குசினிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது ஒரு தட்டில் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து, "சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார்.

எங்களுக்கு வந்த அனுமதிக் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. பதிவாளர் கையெழுத்திட்டது. நன்கொடைகள் வரவேற்கப்படும் என்று ஒரு வரி, அவ்வளவுதான். அக்காவின் கடிதம் தமிழில். அதை வாசித்துக்கொண்டு போன அப்பா ஓரிடத்தில் நின்று, திரும்ப வாசித்தார். 'நன்கொடைப் பற்றுச்சீட்டு இல்லாமல் வருபவர்களுக்கு இடம் வழங்கப்படமாட்டாது.' கீழே நாலு பொறுப்பாளர்களின் கையெழுத்தும் வரிசையாக இருந்தது.

"இதை ஏன் பொலிசில குடுக்கேல்லை?"

"குடுத்தேங்க. மத்தவங்க குடுத்த இங்கிலீசு கடிதமும் இதுவும் ஒண்ணுதானே, அதுவே போதும்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

அப்பா கதிரையில் சாய்ந்து சிரித்தார். இடம்பெயர்ந்து வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மீளாய்வு விசாரணை அன்று நீதிமன்ற வாசலில் ஆமிக்காரன் அப்பாவை மறித்தான். அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. கொழும்பில் தங்குவதற்கு எங்களுக்குத் தந்த பொலிஸ் பதிவுத் துண்டு காலாவதியாகி இரண்டு நாள். நான் என்ன சொல்லியும் அவனுக்கு விளங்கவில்லை. உள்ளேயிருந்து எங்களைக் கண்ட அக்கா இறங்கி வந்து, "மல்லி" என்று தம்பி முறை சொல்லித் தொடங்கி, சிங்களத்தில் மெதுவாகக் கதைத்தார். அவன் அப்பாவின் முகத்தையும் அக்காவின் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே விட்டான்.

"என்ன சொன்னனீ?" என்று உள்ளே போகும்போது அப்பா கேட்டார்.

"எங்க அப்பான்னு சொன்னேங்க."

அப்பா நாலைந்து படி ஏறினார். "அப்ப இனி என்னை ஐயா எண்டு கூப்பிடாதை" என்றார்.

"சரிங்க ஐயா" என்றார் அக்கா.

மேல் நீதிமன்ற நீதிபதி அந்தத் தமிழ்க் கடிதத்தை மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். தீர்ப்பை இன்னொரு தவணை நாளில் சொன்னார். இவர்கள் குற்றவாளிகளா என்பது இப்போது கேள்வியல்ல, விசாரிப்பதற்கு விஷயம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, இருக்கிறது என்றார். விடுவித்த கட்டளை இரத்துச் செய்யப்பட்டது. அடுத்த தவணைக்கு நீதவான் நீதிமன்றத்தில் நாலு பேரும் திரும்ப எதிரிக் கூண்டில் ஏறினார்கள். அவர்களில் வயதானவருக்குக் கூண்டின் படி உயரமாக இருந்தது. அப்பா தன்னை அறியாமல் பிடிக்கப்போவது போல எழும்பி, பிறகு இருந்துகொண்டார்.

வழக்கு இழுபட்டது. ஒருவர் நாட்டைவிட்டுப் போய்விட்டார். மற்ற மூவரும் கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, வாங்கியதில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்காவின் மகள் அதற்குள் அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கே தெரிவாகிவிட்டாள். நான் மருந்தாளர் படிப்புப் படித்து, கல்கிசையில் ஒரு பார்மசியில் வேலைக்குச் சேர்ந்தேன். வைத்தியராகாத கவலை சில வருடங்கள் இருந்தது. பிறகு எப்போது போனதென்று தெரியவில்லை.

அக்கா தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். நாங்கள் கொட்டாஞ்சேனைக் கோயில் தேருக்குப் போவோம். அங்கே சனத்துக்குள் அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்.