முடிவைச் சொன்னால்தான் கோடு

கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் அது தானாகவே கொதித்துப் பொங்கும். அப்போது எழும் சூடான ஆவி மூக்கை அரிக்கும், கண்ணைக் கரிக்கும். எங்களுக்கு வருஷம் பிறந்தது அந்த வாசனையில்தான். போகிக்குச் சில நாள் முன்னால் அப்பா பானையைக் கோலால் கிளறிக்கொண்டே, "கிட்ட வராதீங்க, கண்ணுல பட்டா கண்ணே பூடும்" என்று விரட்டுவார். அக்காவும் நானும் நகர மாட்டோம். அந்தச் சுண்ணாம்பு முதலில் ஏறப்போவது சமையல்கட்டுச் சுவரில். ஏறியதும் மறையப்போவது நாங்கள் இருவரும் அந்த வருஷம் படித்த புத்தகங்களின் கணக்கு.

சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி மண் ரோட்டில் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். அப்பாவுக்குச் சத்திரத்து ரைஸ் மில்லில் வேலை. இருந்த கொஞ்சம் நிலத்தை அம்மா பார்த்துக்கொண்டாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கதை என்றால் அடுப்பில் குழம்பு தீய்வதுகூடத் தெரியாமல் உட்கார்ந்துவிடுவாள். ஸ்ரீபெரும்புதூர்க் கிளை நூலகத்தில் அக்கா மல்லிகா புத்தகம் எடுக்க ஆரம்பித்ததும், அவளைப் பார்த்து நானும் ஆரம்பித்ததும், அம்மா ஒரு போட்டி வைத்தாள். பொங்கலுக்குப் பொங்கல் யார் நிறையப் படிக்கிறார்களோ அவர்களுக்குக் காணும் பொங்கலன்று ஒரு துரும்பைக்கூட அசைக்கவேண்டாத "ரெஸ்ட்டு". தோற்றவள் ஜெயித்தவளின் வேலையையும் சேர்த்துச் செய்யவேண்டும். ஒரு புத்தகத்துக்கு ஒரு கரிக்கோடு. பால் ஊற்றுகிறவளுக்குக் கோடு போட்ட அதே சுவரில் இடது பக்கம் அக்காவுக்கு, வலது பக்கம் எனக்கு.

ஆனால் படித்துவிட்டேன் என்று வாயால் சொன்னால் கோடு விழாது. நெல் புடைக்கும்போதோ கடலை உரிக்கும்போதோ அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து முடிவு வரைக்கும் கதையைச் சொல்லவேண்டும். அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே நடுவில் கேட்பாள்: "அந்தப் பொட்டிச் சாவிய யார்கிட்ட குட்த்தான்?" பக்கம் தாண்டிப் படித்தவர்கள் அங்கே மாட்டிக்கொள்வோம். நான்தான் அடிக்கடி மாட்டுவேன். வருஷக் கடைசியில் அக்காவை எட்டிப் பிடிக்க நான் தேடித் தேடி எடுத்து வந்த ஒல்லிப் புத்தகங்களைக் கையில் வாங்கி எடை போடுவதுபோல ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னாடி, கல்யாணப் பத்திரிகையா?" என்று பாதிக் கோடுதான் போடுவாள். எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு வருஷம்கூட நான் அக்காவை ஜெயித்ததில்லை.

தொண்ணூற்றொன்றில் அக்கா பத்தாவது எழுதி முடித்திருந்தாள். நான் ஆறாவதுக்குப் போகக் காத்திருந்தேன். அந்த வருஷம் மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் உலகத்துக்கே தெரிந்துபோனது. அதைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அன்று புரிந்ததெல்லாம் ரோடு முழுக்கப் போலீஸ், பஸ் ஓடவில்லை, நூலகம் திறக்கவில்லை என்பதுதான். கோடு நின்றுபோனதே என்று நான் அழுததற்கு, "ஊரே எழவு வூடு மாதிரி கீது, உனுக்குக் கோடு கேக்குதா?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அவள் என்னை அடித்தது அதுதான் கடைசி.

ஆடி மாதம் அவளுக்கு வயிற்றில் வலி வந்தது. கைவைத்தியம் பார்த்தார்கள், வாலாஜாபாத்தில் காட்டினார்கள், பிறகு காஞ்சிபுரம், பிறகு மெட்ராஸ். மெட்ராசிலிருந்து திரும்பி வந்த அன்று அப்பா சாப்பிடாமல் கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டார். அக்கா தண்ணீர் எடுக்கப் போனபோது அவளிடம் மட்டும் சொன்னார். அவள் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னை ஒரு வேலைக்கும் திட்டாமல் இருந்ததிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் எல்லாரும் "அல்சரு" என்றே சொன்னோம். வாலாஜாபாத்திலிருந்து வந்து எங்களோடு தங்கிச் சமைத்துப் போட்ட அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, ஆளுக்கு ஆள் உத்தரவே போட்டுவிட்டாள்: "அவ காதுல மட்டும் வுழக் கூடாது. தெரிஞ்சா அன்னிக்கே உசுர வுட்டுடுவா." அத்தையும் கெட்டவள் இல்லை. அம்மாவுக்கு எடுக்கிற வேலை, கழுவுகிற வேலை எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் செய்தவள் அவள்தான்.

அம்மாவின் கட்டிலைச் சமையல்கட்டிலேயே, சுவரோரமாகப் போட்டிருந்தோம். படுத்தபடியே அவள் கதை கேட்டாள். உடம்புக்கு வந்தபிறகு கதைப் பசி கூடித்தான் போயிருந்தது. ஆனால் எங்கள் கதைகள் மாறிவிட்டன. யார் ஆரம்பித்தது என்று யோசித்தால் அக்காதான் என்று நினைக்கிறேன். புரட்டாசியிலிருந்து அவள் சொன்ன கதைகளில் படுத்தவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள், ஓடிப்போன பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வந்தார்கள், வெள்ளத்தில் போனவன்கூட எங்கோ ஒரு மரத்தைப் பிடித்துப் பிழைத்துக்கொண்டான். நானும் அவளைப் பார்த்து அப்படியே சொல்லக் கற்றுக்கொண்டேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கோடு மட்டும் போடவில்லை.

"எல்லாரும் பொயச்சிக்கினா அது இன்னாடி கதை? நீ படிக்கல, சும்மா சொல்ற" என்றாள் அக்காவிடம். அக்காவை அம்மா அப்படிச் சொல்லி அதுவரைக்கும் நான் கேட்டதில்லை. அக்காவின் கதையில் அவள் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அக்கா முகம் சிவந்துபோய், "படிச்சேம்மா, சத்தியமா" என்றாள். படித்தது உண்மை.

கார்த்திகையில் விடாத மழை. நூலகத்திலிருந்து அக்கா ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தாள். அட்டையும் முதல் சில பக்கங்களும் கிழிந்துபோனதால் அதற்கு என்ன பெயர் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ரயிலடியில் இட்லிக் கடை போட்டிருக்கும் ஒருத்தியின் கதை. அந்த இட்லிக்காரியை அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கடன் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறி ஓடுகிறவனை அவள் கரண்டியோடு துரத்திக்கொண்டு போகும் இடத்தை, வலியிலும் சிரித்துக்கொண்டு, மறுபடி மறுபடி சொல்லச் சொன்னாள். கதையில் பாதிக்கு மேல் அவளுக்கும் உடம்புக்கு முடியாமல் போய்விடுகிறது. அக்கா அந்த இடத்தைச் சுருக்கமாகக் கடந்து, முடிவைச் சொன்னாள்: ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாகத் திரும்பி வந்தாள், மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தாள், கடையை இன்னும் பெரிதாகப் போட்டாள்.

வெளியே ஓட்டுத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தை பின்கட்டில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். அம்மா, "மல்லி, அந்தக் கடைசிப் பக்கத்த எடு. அதுல இன்னா போட்டுக்கீதோ அத்த அப்டியே படி" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும்? எனக்குப் பதினொரு வயது. அவள் புத்தகத்தை எடுத்துவந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படித்தாள். ஆஸ்பத்திரியில் இட்லிக்காரி செத்துப்போகிறாள். மறுநாள் விடியலில் மகள் வந்து கடையைத் திறந்து அடுப்பைப் பற்ற வைக்கிறாள். முதல் ரயில் வந்து நிற்கிறது. அவ்வளவுதான் கதை.

"அவளுக்குத் தெரியுமா, போகப்போறோம்னு?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியாதும்மா. யாரும் அவகிட்ட சொல்லல."

"பாவம். இன்னா இன்னா நெனச்சி வெச்சிருந்தாளோ." மேலே ஓட்டைப் பார்த்துக்கொண்டே, "எனுக்கும் அப்டித்தானா மல்லி?" என்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் மற்ற யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், நானும்தான். அக்கா, "ஆமாம்மா" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து மழையிலேயே கொல்லைப் பக்கம் ஓடினாள்.

அம்மா அழவில்லை. என்னை அருகில் கூப்பிட்டு, அடுப்பிலிருந்து கரித்துண்டு ஒன்று எடுத்துத் தரச் சொன்னாள். ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி எம்பி, இடது பக்கம், அக்காவின் வரிசையில் ஒரு கோடு இழுத்தாள். அது கோணலாகப் போயிற்று. கரியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இருந்த நாட்களில் அம்மா தனக்கு வேண்டியதைக் கேட்க ஆரம்பித்தாள். அதற்கு முன்னால் அவள் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சத்திரத்து பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் டீ குடிக்கவேண்டும் என்றாள். ஆம்பிளைகள் உட்காருகிற பெஞ்ச் அது. எங்கள் பக்கத்துப் பெண்கள் தள்ளி நின்று வாங்கிக் குடிப்பதுதான் வழக்கம். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா மில்லின் மாட்டு வண்டியைக் கேட்டு வாங்கி, வைக்கோல் பரப்பி, அம்மாவை உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். நாங்களும் போனோம். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "தூ, வெந்நி. இதுக்கா தெனம் ஒரு மணி நேரம் ஒக்கார்ற?" என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா சிரித்தார், சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். திரும்பி வரும் வழியில், வண்டியில் எங்கள் எதிரிலேயே, "மல்லிய மேல படிக்க வெய்யி. எவன் இன்னா சொன்னாலும் நிறுத்தாத" என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

மார்கழியில் அம்மா போய்விட்டாள். பொங்கலுக்கு அதிக நாள் இல்லை.

அத்தையால் துக்கத்தை அடக்க முடியவில்லை. அக்கா அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்ட விஷயம் யார் மூலமாகவோ அவள் காதுக்குப் போயிருந்தது. கூடத்தில் ஊரே கூடியிருக்கும்போது மார்பில் அடித்துக்கொண்டு, "இன்னும் நாலு மாசம் இருந்திருப்பாளே, புக்கப் படிச்சிக் காட்டிப் பெத்தவள அனுப்பிட்டாளே" என்று ஒப்பாரி வைத்து அழுதாள். அக்கா அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பதினாறு வயதுப் பெண் தலையில் அத்தனை பேர் எதிரில் அப்படி ஒரு சொல்லை யாரும் போடக்கூடாது.

துக்க வீடு என்பதால் அந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் இல்லை, வெள்ளையடிக்கவும் இல்லை. கோடுகள் அப்படியே இருந்தன. நான் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அந்தக் கோணல் கோட்டைக் காட்டினேன். நீ ஓடினப்புறம் அம்மாவே எழுந்து போட்டதுக்கா, உன்மேல அம்மாவுக்குக் கோபமே இல்லக்கா என்றேன். அவள் கோட்டைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "நீ போட்டதுடி இது" என்றாள். நான் அழுதேன், சத்தியம் செய்தேன், அம்மா மேலேயே செய்தேன். அவள் என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். ஆறுதலுக்காக ஆளுக்கு ஆள் பொய் சொல்லிக்கொண்டிருந்த வீட்டில் என் பேச்சை மட்டும் அவள் எதை வைத்து நம்புவாள்?

அம்மாவுக்கு முடியாமல் போனதும் பாதியில் நின்ற பதினொன்றாம் வகுப்பில் மறுபடி சேர ஆனி மாதம் அப்பா அவளைக் கூப்பிட்டார், கெஞ்சினார். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைச் சொன்னார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். இட்லிக்காரி புத்தகத்தை நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அதற்குப் பிறகு அக்கா ஒரு புத்தகத்தையும் தொடவில்லை. பொட்டலம் மடித்து வந்த காகிதத்தைக்கூடப் படிக்காமல் அடுப்பில் போடுவாள்.

இப்போது எங்கள் ஊர் ஏரிக்கரை வரைக்கும் கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவர்தான். எங்கள் வீடு இருந்த இடத்தில் கார் பாகங்கள் செய்கிறார்கள்; லாரிகள் நிற்கின்றன. அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. அக்கா ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள், ஆள் குறைந்தால் ஓ.டி. பார்க்கிறாள். அவள் பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள்.

நானும் படித்தேன், ஆபீஸ் வேலைக்கு வந்தேன். எங்கள் ஆபீசிலும் சிலர் சேர்ந்து வருஷாவருஷம் படிப்புப் போட்டி வைத்துக்கொள்கிறோம். ஜனவரியில் இந்த வருஷம் இத்தனை என்று போனில் பதிந்துவிட்டு, டிசம்பரில் கணக்கு இடிக்கும்போது ஒல்லிப் புத்தகங்களாகத் தேடி ஓடுகிறோம். முடித்தேன் என்று ஒரு தட்டு தட்டினால் போதும், போன் பாராட்டிவிடும். என்ன கதை என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

எனக்கு அது போதவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவுக்குப் போன் செய்து அந்த வாரம் படித்ததைச் சொல்கிறேன். வேண்டாம் என்று அவள் சொன்னதே இல்லை. காய் நறுக்கிக்கொண்டே ஆசையாகக் கேட்பாள், நடுவில் மடக்கிக் கேள்வி கேட்பாள், கெட்டவனை வாய் நிறையத் திட்டுவாள். அன்று அவள் செய்தது சரி, அம்மாவுக்கு நாங்கள் செய்த ஒரே உபகாரம் அதுதான் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். "சரி வுடு" என்பாள். கதை முடிவை நெருங்கும்போது மட்டும் அவளுக்கு ஏதாவது வேலை வந்துவிடும். "போதும்டி தேவி, அடுப்புல பால் கீது" என்று போனை வைத்துவிடுவாள். இந்த வருஷம் நான் படித்து முடித்த புத்தகங்களில் ஒன்றின் முடிவுகூட அக்காவுக்குத் தெரியாது.