டொக்டர் ஐயாவின் வாளி

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழையும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டொக்டர் ஐயாவுக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியானவர். எதைத் தொட்டாலும் நாடி பிடிப்பதுபோல் இரண்டு விரல் வைப்பார். அவர் அக்கா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே டின் முளைகட்டிய கோதுமைப் பாகைத் தண்ணீரில் கரைத்து, ஈஸ்ட் தூவி, வாளியில் மூடி வைத்தார். பியர் ஆகுமாம். மூடியில் செருகிய குழாயில் குமிழி வரும். கடிகாரத்தைப் பார்த்து அதை எண்ணுவார்.

மூன்றாம் நாள் கடுங்குளிர். குமிழி நின்றுவிட்டது. மருந்துச்சாலைக்கு ஓடினேன்.

"ஐயா, உசுரு போயிருச்சுங்க!"

பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "ஆருக்கு?"

"வாளிக்குங்க."

முறைத்தார். ஆனாலும் வந்து வாளியில் இரண்டு விரல் வைத்தார். "குளிர்ந்துபோச்சு. இருந்தது ஒரு டின்தான். என்ன செய்யிறது?"

"தோச மாவுன்னா கம்பளி போத்தி அடுப்படியில வைப்பேங்க."

என் கம்பளியைத்தான் போர்த்தினேன். மாலையில் குமிழி வந்தது.

சில வாரம் கழித்து முதல் கிளாஸை என்னிடம் நீட்டினார். "பிழைக்க வைச்சது நீர்தானே. குடியும்."

கலங்கலாக இருந்தது. வாழைப்பழ வாசம் அடித்தது. குடித்து முடித்ததும் என் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகுதான் தனக்கு ஊற்றிக்கொண்டார்.

அந்த முதல் கிளாஸ் மரியாதைக்கா, சோதனைக்கா? கேட்கக் கூச்சப்பட்டேன். அவரும் மாற்றலாகிப் போய்விட்டார்.

எழுதியது: 2007 பெப்ரவரி 11.